தவிட்டுக்கு வாங்கிய மீன்

1979 சித்திரை மாதத்திலிருந்து ஒத்தக்கடை கல்யாணராமன் வீட்டில் மின்விசிறி போடுவதில்லை. முன்கூடத்தில், தரையிலிருந்து ஏழடி உயரத்தில், ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்ததே காரணம். விசிறியின் இறக்கைகளும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருந்தன. வெயிலுக்கு ஒத்தக்கடை பெயர் போன இடம். யானைமலை பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட சூட்டைப் பொழுது சாய்ந்ததும் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கோடையில் தக்காளி விலை இறங்கியிருந்தது, எலுமிச்சம்பழ விலை ஏறியிருந்தது, கல்யாணராமன் வீட்டு விசிறி நின்றிருந்தது. மேலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் இந்த மூன்றையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணராமனுக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் வேலை. பீப்பாய்களில் மாங்காயும் நாரத்தையும் ஊறுகிற உப்புத்தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, அது எந்தக் கோடு வரை முங்குகிறது என்று பார்த்து, உப்பு கூடுதலா குறைவா என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் பீப்பாய்க்கு மூடி போடுவார்கள். அவர் பார்த்த பீப்பாயில் ஒரு நாளும் பூஞ்சை பிடித்ததில்லை. அதற்குக் காரணம் உப்பு மட்டுமல்ல, அவருடைய சுபாவம். ஓடுகிற பஸ்ஸில் யாரும் ஏறக்கூடாதுதான். ஆனால் கல்யாணராமன் நின்ற பஸ்ஸிலும், அது நன்றாக நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் ஏறுவார். அதற்குள் அது கிளம்பிவிடும். அடுத்த பஸ்ஸில் போவார். கண்டக்டர்கள் அவரைப் பார்த்தால் விசில் ஊதுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடப் பழகியிருந்தார்கள்.

அவர் மனைவி ஜானு சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். இரண்டு முறை உண்டானாள். முதலாவது மூன்றாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது ஏழாம் மாதம், வளைகாப்புக்கு வாங்கிய வளையல்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே போயிற்று. அவள் யாரிடமும் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தோன்றியது, ஆனால் அதைப் போய் யார் சொல்வது. கல்யாணராமனின் அண்ணா வெங்கட்ரமணன் மதுரையில் கோயிலுக்குப் பக்கத்து வீதியில் இருப்பவர், சாஸ்திரம் தெரிந்தவர். அவர் சொல்லித்தான் இருவரும் ராமேஸ்வரம் போய்க் கடலில் நீராடி, நாகப் பிரதிஷ்டை செய்துவிட்டு வந்தார்கள். பிள்ளைக்காகப் போகிறவர்கள் திரும்பும்போது தீர்த்தமும் ஒரு பிடி மணலும் கொண்டுவருவது வழக்கம். கல்யாணராமன் ஒரு கேன் நிறையக் கடல்தண்ணீரும் அதற்குள் இரண்டு சின்ன மீன்களும் கொண்டுவந்தார். ஏன் என்று அண்ணா கேட்டதற்கு, "வெறுங்கையா ஆத்துக்கு வரவேண்டாமேன்னுதான்" என்றார். வெங்கட்ரமணனுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. ஜானுவுக்கு விளங்கியது.

அப்படித்தான் அந்த வீட்டுக்குக் கடல் வந்தது. டவுனில் சொல்லிச் செய்த நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, தொட்டில் கட்டுவதற்கென்று உத்தரத்தில் போட்டிருந்த கொக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தது. ஊறுகாய்க் கம்பெனிக் குழலைப் போலவே இன்னொன்று வாங்கி அதில் மிதக்கவிட்டார் கல்யாணராமன். அதன் பிறகு தண்ணீரையும் மீனையும் கொண்டுவந்து கொடுத்தவன் சுருளி. மண்டபத்திலிருந்து மதுரை மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிவரும் லாரி அவனுடையது, வீடு ஒத்தக்கடை. ஐயர் வீட்டு வாசலில் மீன் லாரி நிற்பதை ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. கோடு போட்டது, புள்ளி வைத்தது, வாலில் மட்டும் குங்குமமாய்ச் சிவந்தது என்று வகைவகையாக மீன்கள் வந்தன. ஜானு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். ஒவ்வொன்றும் செத்தது. சில ஒரு மாதம் இருந்தன, சில தொட்டியில் விட்ட கையோடு மல்லாந்தன. பெயர் வைத்த உயிர் போனால் தலைமுழுகாமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, பிறகுதான் அடுப்பை மூட்டுவாள். இரண்டு வருடத்தில் அந்த முருங்கை உப்போடு காய்க்க ஆரம்பித்தது. அந்தக் காயைப் போட்டால் சாம்பாருக்கு வேறு உப்புத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்கும் காய் போகும். அவர்களும் உப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.

78 ஐப்பசியில், வாசலில் மழை பெய்துகொண்டிருக்கும்போது, கடைசியாக இருந்த மீனும் போயிற்று. ஜானு மண்வெட்டியைக் கழுவிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஈரப்புடவையோடு கூடத்துக்கு வந்தாள். "ஏன்னா, இன்னும் ஒரே ஒரு தடவை கொண்டு வாங்கோ. அதுவும் தங்கலைன்னா தொட்டியை யாருக்காவது குடுத்துடுங்கோ. இந்த ஆத்துல எது வந்தாலும் தங்கமாட்டேங்கறது. இனிமே என்னால அந்த மரத்தடியைத் தோண்ட முடியாது" என்றாள். கல்யாணராமனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் பேசியதில் இதுதான் அதிகம். மீனைப் பற்றி மட்டும் அவள் பேசவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கம்பெனியில் அன்றைக்கு ஒரு பீப்பாயைப் பலமுறை அளந்தார்.

கார்த்திகையில் சுருளி ஒரு பாலித்தீன் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். பாதி தண்ணீர், பாதி காற்று, வாயில் ரப்பர் பேண்ட். உள்ளே ஒரு வண்ணாத்தி மீன். நம் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சியை வண்ணாத்திப்பூச்சி என்பார்களே, அதன் பெயரைத்தான் கடற்கரைக்காரர்கள் இதற்கும் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலம், அப்பளக் கனம், மஞ்சள் உடம்பு, கண்ணின் குறுக்கே மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. "வழி பூரா என் மடியிலதான் சார் வந்துச்சு. ஒத்தக் கையிலதான் ஸ்டியரிங்கப் பிடிச்சேன்" என்றான் சுருளி. "பூஞ்ச மீன் சார் இது, எதையும் தாங்காது. தொட்டித் தண்ணிக்குப் பையப் பையப் பழக்குங்க. படக்குன்னு தொட்டிக்குள்ள விட்டீகன்னா போயிரும்." எவ்வளவு நேரம் பழக்க வேண்டும் என்று கல்யாணராமன் கேட்டார். "அதுக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு" என்று சொல்லிவிட்டுச் சுருளி சாப்பிடப் போய்விட்டான். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் அது சாதாரணமான பதில்தான். கல்யாணராமனிடம் சொல்லியிருக்கக்கூடாது.

அவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜானு அந்தப் பையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு பள்ளிக்கூட டீச்சர். அவருடைய பெற்றோர் மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். அவர் அந்த வயல் வரப்பிலேயே நடந்து பள்ளிக்கூடம் போய், படித்து, வேலைக்கு வந்து கட்டிய வீடு அது. பின்னால் ஒரு பசு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். ஜானு மதிலுக்கு மேலாகப் பையை நீட்டி, "டீச்சர், இதைக் கொஞ்சம் வாங்கிக்கோங்கோ" என்றாள்.

"மீனா? எனக்கு எதுக்கு மாமி?"

"உங்களுக்குக் குடுத்துட்டேன். இது இப்போ உங்களோடது. எனக்குத் தவிட்டுக்குக் குடுங்கோ."

டீச்சர் முகத்தில் வந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளைகள் பிறந்து பிறந்து தவறுகிற வீட்டில், அடுத்துப் பிறப்பதை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்குவது இந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளை இன்னொருத்தியுடையது என்றாகிவிடும். எமன் தேடிக்கொண்டு வந்தால் விலாசம் குழம்பிப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜானுவுக்கு அதைச் செய்து பார்க்கக்கூட ஒரு பிள்ளை கையில் தங்கியதில்லை. டீச்சர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "எங்க அண்ணன இப்பிடித்தான் வாங்குனாக மாமி. பேரே தவிடன்தான். இன்னைக்குச் சமயநல்லூர்ல லேத் பட்டறை வச்சிருக்காரு, ஆளு வாசக்கதவு மாதிரி இருப்பாரு" என்றார். ஜானு அரிசி மில்லிலிருந்து வாங்கி வைத்திருந்த தவிட்டை ஒரு படி அளந்தாள். "இம்புட்டுக்காணு மீனுக்கு ஒரு படியா? அரைப்படி போதும். ஆனா மாமி, இனிமே இது எம்பிள்ளை. நீங்க வளக்குறீக, அம்புட்டுத்தான்" என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தார். தவிட்டைப் பசு தின்றது. இப்படி வாங்கிய பிள்ளைக்கு அழகான பெயர் வைக்கக்கூடாது. மீன் ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை. இரண்டுக்கும் சரியாக இருக்கட்டும் என்று ஜானு அதற்குப் பிச்சை என்று பெயர் வைத்தாள்.

கல்யாணராமன் பழக்க ஆரம்பித்தார். தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் அண்டாவை வைத்து, பையிலிருந்த தண்ணீரோடு மீனை அதில் விட்டார். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அண்டாவில் இறக்க ஒரு குழாய் தேவைப்பட்டது. ஏழாம் மாதத்தில் ஜானு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குளுக்கோஸ் ஏற்றிய குழாய் அலமாரியில் இருந்தது. அதைத் தூக்கிப் போட இருவருக்கும் மனம் வந்ததில்லை. எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றும் தெரிந்ததில்லை. கல்யாணராமன் அதை எடுத்துக் கழுவி, ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, சின்னச் சக்கரத்தைத் திருகித் துளியைச் சரிசெய்தார். ஜானு பக்கத்தில் உட்கார்ந்து துளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே அண்டாத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒன்றாகிவிட்டதைக் குழல் காட்டியது. விட்டுவிடலாமே என்றாள் ஜானு. நாளைக்குப் பார்க்கலாம் என்றார் அவர். நாளைக்கு அஷ்டமி. அதற்கடுத்து மார்கழிக் குளிர் வந்துவிட்டது, பனியில் விடவேண்டாம் என்றார். மார்கழி போய்த் தை வந்தது. மீன் உயிரோடிருந்தது, அது உயிரோடிருக்கும்வரை எதையும் மாற்றவேண்டாம் என்பது அவர் கட்சி. எதையும் மாற்றாமலிருக்கத்தான் அவர் துளித்துளியாக மாற்றிக்கொண்டிருந்தார். அண்டா நிரம்பினால் ஒரு டம்ளர் மொண்டு கொட்டுவார். தொட்டி குறைந்தால் நிரப்பவேண்டும். ஆனால் மாசியில் சுருளியின் லாரிக்கு ஆக்ஸில் உடைந்து பட்டறையில் படுத்துவிட்டது, கடல்தண்ணீர் வரவில்லை. ஒரு டம்ளர்தானே என்று கிணற்றுத்தண்ணீரை ஊற்றினார். மறுநாளும் ஒரு டம்ளர்தானே என்று ஊற்றினார். குழல் நாளுக்கு நாள் கூடுதலாக முங்கியது. மாசிக் கடைசியில் அந்தத் தண்ணீர் உப்புப் போட்ட கஞ்சி போல இருந்தது, பங்குனி பிறந்தபோது வெறும் கிணற்றுத்தண்ணீராகிவிட்டது. பிச்சை இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மஞ்சள் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.

பங்குனியில் கிணறும் வற்றியது. தெருக்குழாயில் வந்த தண்ணீர் குடிக்கத்தான் போதும். தொட்டி அடி தெரிந்தது, குளுக்கோஸ் குழாயில் எப்போதாவது ஒரு துளி விழுந்தது, அண்டாவில் முழமாக இருந்த தண்ணீர் சாணாகி, சாண் விரலாகியது. அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில் ஒரு காலை, ஜானு கோலம் போட்டுவிட்டு வந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள். அடியில் கிணற்றுத்தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து காய்ந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே பிச்சை துடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றது. ஜானு கணவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார். அண்டாவுக்குள் கையை விட்டு, ஈரம் ஏதாவது இருக்கிறதா என்று நாலாபக்கமும் தடவினார். இல்லை. "பழகிடுத்து" என்றார். பிறகு, பழக்குவதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லாததால், குழாயின் சக்கரத்தைத் திருகி மூடினார்.

மீன் அன்றே அண்டாவின் விளிம்பைத் தாண்டியது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலிக்கு அடியில் புகுந்து, காலண்டருக்குப் பின்னால் போய்விட்டு, மேலே ஏறியது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஜானுதான் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். அணைத்தால் உடனே நிற்கிற பொருளா அது. அந்த இறக்கைகள் தங்கள் பாட்டுக்குச் சுற்றி ஓய்கிற வரைக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மீன் அதற்குக் கையெட்டும் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, தொட்டில் கொக்கிக்குப் போய் அதை ஒட்டி ஓய்ந்து நின்றது. பிறகு அதுதான் அதன் இடமாயிற்று. விசிறி சுவிட்சின் மேல் கல்யாணராமன் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார். யாராவது மறந்துபோய்ப் போட்டுவிடுவார்களோ என்று அதன்மேல் இன்னொன்றும் ஒட்டினார்.

அந்த வருடம் அந்த வீட்டில் இருவரும் வேர்க்குருவோடு வாழ்ந்தார்கள். பனையோலை விசிறியைக்கூடக் கீழே பார்த்துத்தான் வீசவேண்டும். ஒருவரும் குறை சொல்லவில்லை. பிச்சை சுவரில் சுண்ணாம்பைக் கொத்தித் தின்றது, ஜானு கடலை மாவு சலிக்கும்போது எழுகிற தூசியைத் தின்றது, மழைக்காலத்தில் ஈசலைத் தின்றது. சாம்பிராணி போட்டால் மட்டும் பிடிக்காமல் அடுக்களைக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வீடு திரும்பும் நேரம் அதற்கு எப்படித் தெரியுமோ, ஜன்னல் வழியாக மதிலைத் தாண்டி அங்கே போகும். முதல் நாள் காக்கைகள் துரத்தின. அதிலிருந்து டீச்சர் குடையோடு மதிலருகே வந்து நிற்பார். குடைக்கு அடியில் மீன் அவருடைய தோளுயரத்தில் கூடவே நீந்திப் போகும். தெருவில் போகிறவர்கள், மழையில்லாத நாளில் டீச்சர் எதற்குக் குடை பிடிக்கிறார் என்று பார்ப்பார்கள், மீனைப் பார்த்ததும் அதற்குத்தானா என்று போய்விடுவார்கள். டீச்சர் வீட்டிலும் விசிறி நின்றது. அவர் வீட்டுக்காரர் முணுமுணுத்தபோது, "தவிட்டுக்கு வித்த பிள்ளைக்கு இதுகூடச் செய்யாட்டி எப்பிடி?" என்று ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார்.

ஆவணியில் அப்பாவின் திவசத்துக்கு வெங்கட்ரமணன் வந்தார். இலையில் உட்காரப் போனவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். திவசத்தன்று வீட்டில் மீன் இருக்கலாமா என்பது அவருடைய கேள்வி. உத்தரத்தில் பிச்சை ஓர் ஒட்டடையைக் கொத்திக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஜலத்துல இருந்தா மச்சம். ஆகாசத்துல இருந்தா பட்சி. பட்சிக்கு தோஷமில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, இரண்டாவது முறையும் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது மட்டும், மீனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, யாரிடம் கொடுத்து வாங்கினாய் என்று ஜானுவைக் கேட்டார். "பக்கத்தாத்துல" என்றாள் அவள். அவர் மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு முறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஜானுவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அடுத்த சித்திரையில் பிச்சைக்கு வாட்டம் கண்டது. மஞ்சள் மங்கிப் பழைய கல்யாணப் பத்திரிகை நிறத்துக்கு வந்தது. கொக்கியை விட்டு நகரவில்லை, கடலை மாவுக்கும் இறங்கி வரவில்லை. டீச்சர் குடையோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். கல்யாணராமனுக்கு ராப்பகலாக ஒரே நினைப்பு: கடலில் பிறந்ததைக் கொண்டுவந்து கூடத்தில் வடாம் போலக் காயப்போட்டிருக்கிறோம். சுருளியின் லாரி இதற்குள் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. சொல்லியனுப்பி, கேன் கேனாகப் புதுக் கடல்தண்ணீர் வரவழைத்துத் தொட்டியை நிரப்பினார். குழல் பழையபடி சரியான கோட்டில் நின்றது. வீடு ஒரு வருடத்துக்குப் பிறகு கடல் மணத்தது.

"வேண்டாம்னா. எனக்கு பயமா இருக்கு" என்றாள் ஜானு.

"மீன் அது, ஜானு. அதோட ஜலத்துல போய்ச் சேர்ந்தா எல்லாம் சரியாப் போயிடும். இப்படியே விட்டா நாளைக்கு இருக்காது."

வாழ்நாளில் ஒரே ஒரு முறை கல்யாணராமன் அவசரப்பட்டார். ஸ்டூலைப் போட்டு ஏறி, கொசுவலைத் துணியில் மீனைப் பிடித்து, இறங்கி, படக்கென்று தொட்டிக்குள் விட்டார். பிச்சை மூழ்கியது. துடுப்பை அடித்துக்கொண்டு மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, மறுபடி மூழ்கியது. நீச்சல் தெரியாதவர் கிணற்றில் விழுந்த மாதிரி இருந்தது. "பார்த்தியா, துள்றது!" என்றார் கல்யாணராமன் சந்தோஷமாக. ஜானு எத்தனையோ மீன்கள் சாவதைப் பார்த்தவள். துள்ளலுக்கும் தத்தளிப்புக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். முழங்கை வரை இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அதை அள்ளி எடுத்தாள். உள்ளங்கையில் அது நனைந்த அப்பளமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. மஞ்சள் முழுக்கப் போய்விட்டது, செவுள் அசையவில்லை, கண்ணின் கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. கடல்தண்ணீரில் மீன் முங்கிச் சாகிறது என்று கல்யாணராமனுக்குப் புரிந்தபோது அவர் அண்டாவின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஜானு கொல்லைப்பக்கம் பார்த்து, "டீச்சர்! நம்ம பிச்சை!" என்று கத்தினாள். அவள் கத்தி அந்தத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. டீச்சர் வாசலைச் சுற்றி வரவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதிலேறிக் குதித்து வந்தார்.

"ஃபேனைப் போடுங்கோ" என்றாள் ஜானு.

"ஃபேனா? இறக்கை பட்டுடும் ஜானு..."

"போடுங்கோன்னா! அதுக்குக் காத்து வேணும்!"

கல்யாணராமன் இரண்டு பிளாஸ்திரிகளையும் உரித்தார். ஒரு வருடம் நின்றுபோன விசிறி, முனகி, தூசியைத் தலையில் கொட்டி, மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. ஜானு அதற்கு நேர் கீழே இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள். டீச்சர் பின்னால் நின்று அவள் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டார். "போகாதே" என்றாள் ஜானு. "ரெண்டு பேரை ஒண்ணும் சொல்லாம அனுப்பிட்டேன். உன்னை அனுப்பமாட்டேன். போகாதே, கண்ணு, போகாதே." அவள் அழுதாள். நாலைந்து வருடமாக வராத அழுகை அது. மூக்கும் கண்ணும் ஒழுக, சத்தம் போட்டு, கையை மட்டும் இறக்காமல் அழுதாள். கல்யாணராமன் சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுதார். டீச்சர் மட்டும் கண்ணை மீனிலிருந்து எடுக்கவில்லை. அவர்தான் முதலில் பார்த்தார். "செவுள் அசையுது மாமி" என்றார்.

வாலிலிருந்து மஞ்சள் ஏறியது. செவுள் திறந்து மூடியது. பிச்சை ஜானுவின் கையை விட்டு எழுந்து, நேராக விசிறிக்குப் போயிற்று. மீன் இரண்டு இறக்கைகளுக்கு நடுவில் புகுந்து, அவற்றின் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சரிசெய்து கொண்டு, அவற்றோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. அசையாத காற்றில் ஒரு வருடம் நின்றதுதான் அதன் வாட்டம். ஓட்டமில்லாத தண்ணீரில் கடல்மீன் எத்தனை நாள் இருக்கும். கல்யாணராமன் நன்றாகப் பார்த்தார். ரெகுலேட்டரை இரண்டில் வைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூன்றில் வைத்தார். உத்தரத்தில் ஒரு மஞ்சள் வளையம் மட்டும் தெரிந்தது. ஜானு அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் காற்று வந்தது. டீச்சர் தன் வீட்டு விசிறியையும் போடச் சொல்லி மதிலுக்கு இப்பாலிருந்தே வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தார்.

தொட்டியிலிருந்த கடல்தண்ணீரை வீணாக்க வேண்டாமென்று ஜானு அதில் வடுமாங்காய் போட்டாள். கல்யாணராமன் குழலை மிதக்கவிட்டுப் பார்த்து, இன்னும் நாலு கை உப்புப் போடச் சொல்லி, மூடி போட்டார். அந்த வடு ஒத்தக்கடையில் பெயர் வாங்கியது. வருடங்கள் போயின. கரண்ட் போகிற நேரங்களில் பிச்சை இறங்கி வந்து ஜானுவின் தோளோரம் நிற்கும். கரண்ட் வந்ததும் மேலே போய்விடும். மழைக்காலத்தில் ஈசல் வந்தால் டீச்சர் வீட்டு விளக்கையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். முருங்கையில் உப்பு மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் மற்ற மரங்களைப் போலக் காய்த்தது. மரத்தடியை யாரும் தோண்டவில்லை.

85-இல் டீச்சர் வீட்டுப் பசுவுக்குப் பால் வற்றியபோது, மலையாண்டி என்று புதிதாக ஒரு பால்காரன் வந்தான். நரசிங்கம் பக்கத்து ஆள். கேனை வாசற்படியில் இறக்கிவிட்டு, "வீட்ல எத்தன பேரும்மா?" என்று கேட்டான்.

"மூணு பேர்" என்றாள் ஜானு. சொல்லிவிட்டுப் பாத்திரம் எடுக்க உள்ளே போனாள்.

மலையாண்டி கழுத்தை நீட்டிக் கூடத்துக்குள் பார்த்தான். நாற்காலியில் கல்யாணராமன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசிறியில் மஞ்சளாக ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். ஜானு பாத்திரத்தோடு வந்ததும் அளவுக் குவளையைக் கையிலெடுத்தவன், அதைக் கேனில் விடாமல், லாரி டயர் ட்யூபில் கட்டிச் சைக்கிளின் மறுபக்கம் தொங்கவிட்டிருந்த சின்னக் கேனைத் திறந்தான்.

"பிள்ளை இருக்கிற வீடுன்னு முன்னயே சொல்லியிருக்கலாம்ல தாயி" என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் கலக்காத பாலைத்தான் ஊற்றினான்.